வாசிச்சுக் காட்டுவியோ, பிள்ளை?



சென்ற இதழில் வங்கிச் சேமிப்பு பற்றி எழுதியிருந்தேன். அது வெளிவந்த பின் மூன்று சகோதரிகளிடமிருந்து ஒரே விதமான செய்தி வந்தது. வங்கியில் தரும் படிவத்தைத் தாங்களாக நிரப்ப முடிவதில்லை, வரிசையில் நிற்கும் யாரிடமாவது கொடுத்துத்தான் நிரப்புகிறோம் என்றார்கள். அவர்கள் இதை எழுதி அனுப்பவில்லை. இந்த இதழைத் தங்களுக்கு வாசித்துக் காட்டும் பெண்களிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஆகையால் இம்முறை எழுத்தறிவு பற்றியே எழுதுகிறேன். குறிப்பாக, கைத்தொலைபேசி வழியாக எழுத்துப் படிக்க முடியுமா என்பது பற்றி. இந்தக் கேள்வியை எங்கள் ஊருக்குள் கொண்டுவந்தவள் என் தங்கையின் மகள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கலாநிதிப் பட்டத்துக்காக ஆய்வு செய்தவள். வளர்ந்த பெண்கள் ஒன்லைன் வகுப்பு மூலம் எழுத வாசிக்கப் பழகும்போது என்ன நடக்கிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு.

நான் பாடசாலையிலிருந்து ஓய்வு பெற்ற பின், 2018 ஆம் ஆண்டு முதல் எங்கள் சனசமூக நிலையத்தில் மாலை வேளையில் ஒரு சிறு வகுப்பு நடத்தி வந்தேன். ஒன்பது பெண்கள். இளையவருக்கு 32 வயது, மூத்தவருக்கு 58. இலங்கை எழுத்தறிவில் முன்னுக்கு நிற்கும் நாடு என்று எல்லோரும் சொல்வோம். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பத்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் ஏறத்தாழ 96 வீதமானோர் எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள். அந்த நூறில் மிச்சமாகும் நான்கு பேர் யார் என்று கேட்டால், எங்கள் வகுப்பில் வந்து இருந்து பார்க்க வேண்டும். ஒருவர் 1990 இல் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது இடம்பெயர்ந்தவர். இன்னொருவர் 1995 இடப்பெயர்வில் புத்தகப் பையை வழியில் விட்டுவிட்டுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு நடந்தவர். அதன் பிறகு தம்பியைப் பார்ப்பதே அவருக்கு வேலையாகிவிட்டது. மரத்தடிப் பள்ளிக்கூடத்துக்குப் போனவர்களும் உண்டு. அங்கே கற்ற நாட்களை விடப் பங்கருக்குள் இருந்த நாட்கள் அதிகம்.

இவர்களில் பலருக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும். கோலம் போடப் பழகுவது போலத் தங்கள் பெயரை வரையப் பழகியிருந்தார்கள். அந்தக் கையெழுத்துக்கு மேலே தாளில் என்ன இருக்கிறது என்பதுதான் தெரியாது.

2020 மார்ச் மாதம் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. எங்கள் வகுப்பும் நின்றது. அடுத்த வருடம் நடுப்பகுதியில், பயணத்தடை போட்டிருந்த நேரத்தில், பெறாமகள் தொலைபேசி எடுத்தாள். "பெரியம்மா, உங்கட வகுப்பைப் போனில நடத்துவமோ? நானும் இருந்து பாக்கிறன். என்ர ஆய்வுக்கும் உதவும்" என்றாள். எனக்கு முதலில் நம்பிக்கை இல்லை. எழுத்தைக் கை பிடித்துப் பழக்க வேண்டும், கண்ணாடித் திரைக்குள்ளால் எப்படிப் பிடிப்பது என்றேன். "அதைத்தான் பெரியம்மா நானும் பாக்கப் போறன்" என்றாள்.

ஆய்வு என்றால் முதலில் சம்மதம் வாங்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் அது கண்டிப்பான விதி. அவள் இரண்டு பக்கத்தில் ஒரு சம்மதப் பத்திரத்தைத் தமிழில் அனுப்பி வைத்தாள். "இந்த ஆய்வின் நோக்கத்தை வாசித்து விளங்கிக்கொண்டேன்" என்று தொடங்கி, கடைசியில் கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தது. எழுத வாசிக்கத் தெரியாத பெண்களுக்கு வாசித்து விளங்கிக் கையெழுத்திட ஒரு பத்திரம்! நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு அவள் முகம் மாறிவிட்டது. அந்தத் தாளை விட்டுவிட்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தொலைபேசி எடுத்து, வாயால் விளக்கிச் சம்மதம் கேட்பதென்று பல்கலைக்கழகத்தில் சொல்லி அனுமதி வாங்கினாள்.

எட்டுப் பேர் ஓம் என்றார்கள். ஒன்பதாமவர் இடியப்ப அக்கா. விடிய நாலு மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். ஊரில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் உடனே ஓம் என்று சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டார்.

"நான் கதைக்கிறதை நீ எழுதுவாய். என்ன எழுதினனி எண்டு எனக்கு வாசிச்சுக் காட்டுவியோ, பிள்ளை?"

பெறாமகளுக்கு அந்தக் கேள்வியின் கனம் அப்போது தெரியவில்லை. எனக்குத் தெரியும். இடியப்ப அக்காவின் கணவர் 2009 இல் காணாமற் போனவர். அன்று முதல் அவர் ஏறாத படி இல்லை. ஒவ்வொரு விசாரணையிலும் அவர் வாயால் சொன்னதை யாரோ ஒருவர் எழுதினார். சில இடங்களில் அவருக்குத் தெரியாத மொழியில் எழுதினார்கள். கடைசியில் "இதில சைன் வையுங்கோ" என்று தாளைத் திருப்பி வைத்தார்கள். அவரும் தன் பெயரை வரைந்துவிட்டு வந்தார். கிடைத்த பிரதிகளையெல்லாம் கணவரின் படத்தோடு ஒரு பொலித்தீன் பையில் போட்டு, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறார். அந்தத் தாள்களில் தன் பெயரால் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. வேறொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை.

"வாசிச்சுக் காட்டுவன் அன்ரி. நீங்கள் பிழை எண்டு சொன்னால் திருத்துவன்" என்றாள் பெறாமகள். அதன் பிறகுதான் இடியப்ப அக்கா ஓம் என்றார்.

வகுப்பு தொடங்கியது. பிள்ளைகளுடைய ஒன்லைன் பாடங்கள் முடிந்த பின்னர்தான் தாய்மாருக்குத் தொலைபேசி கிடைக்கும். ஆகவே இரவு எட்டரை மணி. சூமில் பணம் கட்டாமல் கூடினால் நாற்பது நிமிடத்தில் தானாகத் துண்டித்துவிடும். எங்களுக்கு அது பாடசாலை மணி மாதிரி ஆகிவிட்டது.

முதல் மூன்று கிழமையும் எல்லாம் நன்றாகப் போகிறது என்றே நினைத்தேன். நான் எழுத்து அட்டையைக் காட்டுவேன். எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். பெறாமகள் வகுப்பின் ஒலிப்பதிவைத் திருப்பித் திருப்பிக் கேட்டுவிட்டு ஒரு நாள் சொன்னாள். "பெரியம்மா, ஒன்பது பேர் இருக்கினம். ஆனால் நாலு குரல்தான் கேக்குது." பிறகு விசாரித்தால், ஒருவருக்கு டேட்டா முடிந்து பத்தாவது நிமிடத்திலேயே விழுந்துவிட்டார். இன்னொருவர் வேலைக் களைப்பில் நித்திரை. மூன்றாமவரின் பெயரில் இருந்தது அவருடைய பத்து வயது மகன். சத்தத்தை மூடிவிட்டு விளையாடிக்கொண்டிருந்தான். நேர்முக வகுப்பில் என்றால் ஒருவரின் முகத்தைப் பார்த்தே விளங்கவில்லை என்று கண்டுபிடிப்பேன். திரையில் மௌனம் எல்லாம் ஒரே மாதிரி. விளங்கிய மௌனமும் விளங்காத மௌனமும் ஒன்றுதான்.

ஆனால் நல்லதும் நடந்தது. சனசமூக நிலையத்துக்கு ஒருபோதும் வராத இரண்டு பெண்கள் தாங்களாகவே கேட்டுச் சேர்ந்தார்கள். ஒருவர் பேரப்பிள்ளை கண்டவர். கொப்பியும் பென்சிலுமாக ஒழுங்கையால் நடந்து போனால் ஊர் என்ன சொல்லும் என்று அதுவரை ஒளித்தவர். இப்போது குசினிக்குள் அடுப்படியில் இருந்துகொண்டு, கமராவை மூடிவிட்டு, "அ" எழுதினார். பெறாமகள் தன் குறிப்பில் இதைப் பெரிதாக எழுதியிருந்தாள். முகம் தெரியாமல் படிக்கலாம் என்பது, வெட்கத்தால் இருபது முப்பது வருடம் ஒதுங்கி நின்றவர்களுக்குக் கதவு திறந்தது போல.

கை பிடித்துப் பழக்கும் பிரச்சினைக்கு வழி சொன்னவரும் வகுப்பில் இருந்த ஒரு பெண்தான். எழுதிய தாளைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். பார்த்தால் எழுத்து சரியாகத்தான் இருக்கும். ஆனால் எழுதிய விதம் பிழையாக இருக்கும். ஒருவர் "ண" எழுத்தை மூன்று சுழிகளைத் தனித்தனியாகப் போட்டுப் பிறகு கோட்டால் ஒட்டிக்கொண்டிருந்தார். அப்படி எழுதினால் ஒரு வரி எழுதி முடிக்க விடிந்துவிடும். "ஏன் ரீச்சர், போனை முகத்துக்குப் பிடிக்காமல் கைக்குப் பிடிச்சால் என்ன?" என்று அந்தப் பெண் கேட்டார். அன்றிலிருந்து சீனிப் பேணியில் தொலைபேசியைச் சாய்த்துவைத்து, எழுதும் கையை மட்டும் காட்டினார்கள். திரை முழுக்கக் கைகள். காய்த்த கைகள், சுட்ட தழும்புள்ள கைகள், ஒரு விரல் இல்லாத கை. கமராவை ஒருபோதும் திறக்காதவர்களும் கையைக் காட்டக் கூச்சப்படவில்லை.

ஒரு நாள் இரவு வகுப்பு முடிந்த பின் பெறாமகளிடம் கேட்டேன். உலகத்தில் வேறு எங்காவது இப்படிச் செய்து பார்த்திருக்கிறார்களா, உண்மையிலேயே பலன் கிடைத்ததா என்று. அவள் நைஜர் நாட்டைப் பற்றிச் சொன்னாள். உங்களுக்கும் பயன்படும் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நைஜர் மேற்கு ஆபிரிக்காவில் உள்ள வரண்ட நாடு. எழுத்தறிவு உலகிலேயே மிகக் குறைந்த நாடுகளில் ஒன்று. அங்கே 2001 ஆம் ஆண்டில்தான் கைத்தொலைபேசி வந்தது. ஜெனி ஏக்கர் என்ற அமெரிக்கப் பெண், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்த காலத்தில், அங்குள்ள தானியச் சந்தைகளை ஆராயப் போனார். தொலைபேசி வந்த பின் சந்தைக்குச் சந்தை தானிய விலையில் இருந்த ஏற்றத்தாழ்வு 10 முதல் 16 வீதம் வரை குறைந்திருந்தது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அந்த வேலைக்கிடையில் வேறொன்றும் அவர் கண்ணில் பட்டது. பள்ளிக்கூடம் போகாத வியாபாரிகள் சிலர் தாங்களாகவே குறுஞ்செய்தி எழுதப் பழகியிருந்தார்கள். காரணம் எளிது: பேசுவதை விடக் குறுஞ்செய்தி மலிவு.

வியாபாரி காசை மிச்சம் பிடிக்க எழுத்துப் பழகுகிறான் என்றால், எழுத்தறிவு வகுப்பிலேயே தொலைபேசியைக் கொடுத்தால் என்ன என்ற யோசனை அதிலிருந்து பிறந்தது. நாங்கள் முட்கம்பிக்குள் இருந்த அதே 2009 ஆம் ஆண்டில் அங்கே அந்த முயற்சி தொடங்கியது. 113 கிராமங்களில் வளர்ந்தவர்களுக்கு வகுப்புகள் நடந்தன. எல்லாக் கிராமங்களிலும் ஆசிரியர் இருந்தார், தாய்மொழியில் பாடம் இருந்தது. ஏறக்குறைய அரைவாசிக் கிராமங்களில் மட்டும் அதனோடு சாதாரணக் கைத்தொலைபேசியைப் பாவிக்கவும் பழக்கினார்கள். பொத்தானில் எழுத்தும் இலக்கமும் எங்கே இருக்கிறது, அழைப்பு எப்படி எடுப்பது, குறுஞ்செய்தி எப்படி அனுப்புவது, அவ்வளவுதான். விலை கூடிய தொலைபேசியும் இல்லை, இணையமும் இல்லை.

ஏக்கரும் கிறிஸ்தோபர் க்சோல், ட்ராவிஸ் லிபர்ட் என்ற இரு ஆய்வாளர்களும் இதன் முடிவை 2012 இல் வெளியிட்டார்கள். தொலைபேசி பழகிய கிராமங்களில் சோதனைப் புள்ளிகள் கூடுதலாக இருந்தன. வித்தியாசம் மலையளவு அல்ல, ஆனால் தெளிவானது. வகுப்பு முடிந்து ஏழு மாதத்துக்குப் பின் சோதித்தபோதும் கணக்கில் அவர்கள் முன்னுக்கு நின்றார்கள். அங்கே வகுப்பு பெப்ரவரி முதல் ஜூன் வரைதான். பிறகு விதைப்பும் அறுவடையும். எங்கள் வயல் காலம் போலத்தான். வகுப்பில்லாத மாதங்களில் படித்தது மறந்துபோவது வளர்ந்தவர்களின் பெரிய துன்பம். கையில் தொலைபேசி இருந்தால் பழகியதைத் தினமும் பாவிக்க ஒரு தேவை இருக்கும்.

"அப்ப போன்தான் படிப்பிச்சதோ?" என்று கேட்டேன்.

"இல்லைப் பெரியம்மா. ரெண்டு பக்கமும் ரீச்சர் இருந்தவ. போன் எழுதுறதுக்கு ஒரு காரணத்தைக் குடுத்தது" என்றாள்.

பாகிஸ்தானைப் பற்றியும் சொன்னாள். அங்கும் 2009 இல், பஞ்சாப் மாகாணத்தில், எழுத்தறிவு வகுப்பை முடித்த இளம் பெண்களுக்கு யுனெஸ்கோவின் உதவியோடு கைத்தொலைபேசி கொடுத்து, தினமும் குறுஞ்செய்தி அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். பெண் பிள்ளையின் கையில் தொலைபேசியா என்று முதலில் குடும்பங்கள் தயங்கின. எங்கள் ஊருக்கு இது புதிதல்ல. கணவன் இல்லாத பெண் தொலைபேசியில் எழுதிக்கொண்டிருந்தால் யாருக்கு எழுதுகிறாள் என்று கேட்கும் ஊர்தானே இது.

எங்கள் வகுப்பில் தொலைபேசி ஒரு பக்கம் உதவி, மறுபக்கம் உபத்திரவம். வட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்பலாம். ஆகவே எழுதத் தெரியாதது ஒரு குறையாகவே தெரியாமல் போகிறது. மகனுக்குக் குரல், தங்கைக்குக் குரல், கடைக்காரருக்கும் குரல். "ரீச்சர், வாயால சொல்லுறதை ஏன் கையால எழுதுவான்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நைஜரில் எழுதுவது மலிவாக இருந்ததால் மக்கள் எழுதினார்கள். இங்கே பேசுவதுதான் சுகம்.

இதற்குப் பெறாமகள் பிரேசில் நாட்டுப் பாவுலோ பிரெய்ரேயின் அனுபவத்தை எடுத்துச் சொன்னாள். 1963 இல் அங்கிகோஸ் என்ற ஊரில், சுமார் 300 தொழிலாளர்களுக்கு, ஏறத்தாழ 40 மணித்தியாலத்தில் எழுத வாசிக்கப் பழக்கியவர். அடுத்த வருடம் இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவரைச் சிறையில் போட்டார்கள். பிறகு நாட்டை விட்டே போக வேண்டி வந்தது. ஏழைகளுக்கு எழுத்துப் பழக்கியதற்கு அந்தத் தண்டனை. அவருடைய முறையில் அகரவரிசை முதலில் வராது. படிக்கிறவர்களின் வாழ்க்கையில் புழங்கும் சொல்தான் முதலில் வரும். செங்கல் சுமப்பவருக்குச் "செங்கல்" என்ற சொல்.

நாங்களும் அப்படி மாற்றினோம். ஒவ்வொருவரும் தினமும் ஒரு குரல் செய்தி அனுப்பலாம். ஆனால் அதில் சொன்னதிலிருந்து ஐந்து சொல்லைக் கொப்பியில் எழுதிப் படம் அனுப்ப வேண்டும். என்னுடைய அட்டையை மூடி வைத்தேன். "மா", "அரிசி", "கடன்", "மகள்", "மழை" என்று சொற்கள் வரத் தொடங்கின. கிழமைக்கு ஒரு குழுக் கூட்டத்துக்குப் போகிற ஒருவர் முதலில் எழுதிக் கேட்ட சொல் "வட்டி".

அடுத்த மாற்றம் தற்செயலாக வந்தது. இடியப்ப அக்காவின் மகள் தொலைபேசியில் மைக் படத்தை அமத்தி, தமிழில் பேசினால் தானாக எழுத்து வரும் என்று காட்டியிருக்கிறாள். கூகுளில் அந்த வசதி தமிழுக்கு 2017 முதல் உண்டு. இனி எழுதிப் பழகத் தேவையில்லை என்று எனக்குப் பயம். ஆனால் நடந்தது வேறு. அக்கா "கிணத்தடியில வாளி" என்று சொல்ல, திரையில் "கணக்கடியில் வாலி" என்று வந்தது. அவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "பிழை! நான் கிணறு எண்டுதானே சொன்னனான். இதில 'கி' இல்லை" என்று கத்தினார்.

பெறாமகள் அந்தப் பக்கத்தில் எழுந்தே நின்றுவிட்டாள். ஏனென்றால், எழுதியிருப்பது பிழை என்று ஒருவர் சொல்கிறார் என்றால் அவர் வாசிக்கிறார் என்று அர்த்தம். எங்கள் பேச்சுத் தமிழ் அந்த இயந்திரத்துக்கு முழுதாக விளங்குவதில்லை. அது விட்ட பிழைகள்தான் எங்களுக்குப் பாடப் புத்தகமாகின. எல்லோரும் பேசுவார்கள், எழுத்து வரும், பிழை பிடிப்பார்கள், கையால் சரியாக எழுதுவார்கள். ரீச்சர் பிழை திருத்தும் வகுப்பு போய், மாணவிகள் பிழை திருத்தும் வகுப்பாயிற்று. அந்தக் காலத்தில் யாரும் நித்திரை கொள்ளவில்லை.

பெறாமகளும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள். மாதம் ஒருமுறை ஒவ்வொருவரையும் பற்றித் தான் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டினாள். ஒருவர் "நான் வெக்கத்தில அழேல்ல, கோவத்தில அழுதனான்" என்று திருத்தினார். இன்னொருவர் ஒரு பந்தி முழுவதையும் எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டாள். ஆய்வுக்கு அது இழப்புத்தான், ஆனால் அந்தப் பந்தி என்னுடையதில்லைப் பெரியம்மா என்றாள்.

2022 இல் நாட்டின் பொருளாதாரம் விழுந்தது. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. தொலைபேசிக்குச் சார்ஜ் இல்லை, டேட்டாவுக்குக் காசில்லை. ஒன்லைன் வகுப்பு அப்படியே நின்றுபோனது. பிள்ளைகளின் பாலுக்கே வழியில்லாதபோது தாயின் எழுத்துக்கு யார் டேட்டா போடுவது? இதை நான் மறைக்க விரும்பவில்லை. தொலைபேசி வகுப்பு என்பது மின்சாரம், கவரேஜ், காசு மூன்றும் இருந்தால் மட்டுமே நடக்கிற வகுப்பு. எங்களிடம் அந்த மூன்றும் சேர்ந்து இருந்த மாதங்கள் கொஞ்சம்தான்.

அந்த வருட நடுப்பகுதியில் திரும்பவும் சனசமூக நிலையத்தில் கூடினோம். பதினொரு பேரில் எட்டுப் பேர் வந்தார்கள். குசினிக்குள் ஒளித்துப் படித்த அந்த அம்மம்மாவும் கொப்பியோடு ஒழுங்கையால் நடந்து வந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு நாள் எல்லோரும் போன பிறகு இடியப்ப அக்கா நின்றார். கையில் அந்தப் பொலித்தீன் பை. "ரீச்சர், நானே வாசிக்கிறன். தெரியாத எழுத்தை மட்டும் சொல்லுங்கோ" என்றார். தமிழில் இருந்த ஒரு பிரதியை எடுத்தார். ஒன்றரைப் பக்கம். மூன்று பின்னேரம் எடுத்தது. விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, மூச்சு வாங்கி வாசித்தார். நான் வாசித்துக் கொடுத்திருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் அது என் வேலையில்லை என்று பேசாமல் இருந்தேன்.

இரண்டாம் நாள் ஓரிடத்தில் விரல் நின்றது. கணவரைக் கடைசியாகக் கண்டபோது அவர் போட்டிருந்தது நீலச் சேட்டு என்று எழுதியிருந்தது. "சாம்பல் எண்டெல்லோ சொன்னனான். நான்தானே தோய்ச்சுக் குடுத்தனான்" என்றார். மூன்றாம் நாள் இன்னொரு பிழை. கண்ட இடத்தின் பெயர் வேறாக இருந்தது. அவர் அழவில்லை. கன நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு வருசமும் இவையள் வேற சேட்டுப் போட்ட ஆளைத் தேடினவையோ?" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

மறு கிழமை அவரே ஒரு கடிதம் எழுதினார். நான்கு வரி. திகதி, கோவை இலக்கம், எது பிழை, எது சரி. நான் ஒரு சொல்லும் போட்டுக் கொடுக்கவில்லை. "சேட்டு" என்பதைச் "சட்டை" என்று எழுதலாமே என்றேன். "நான் சேட்டு எண்டுதான் சொல்லுறனான்" என்றார். அப்படியே விட்டோம். பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு பதிவுத் தபாலில் அனுப்பினார். இன்று வரை பதில் வரவில்லை. அந்தக் கடிதப் பிரதியும் தபால் துண்டும் இப்போது அதே பையில் இருக்கின்றன. அந்தப் பையில் அவர் கையால் எழுதிய முதல் தாள் அது.

பெறாமகளின் ஆய்வு முடிந்துவிட்டது. சூம் நல்லதா, வட்ஸ்அப் நல்லதா என்று கேட்டுத் தொடங்கினேன், கடைசியில் எழுதியது வேறு என்று சொன்னாள். எந்தக் கருவியானாலும், தன் சொல்லைத் தானே வாசித்துப் பிழை பிடிக்கிற இடத்துக்கு ஒரு பெண்ணைக் கொண்டுபோனால் அது உதவி. கொண்டுபோகாவிட்டால் அது வெறும் வெளிச்சம் என்றாள்.

சகோதரிகளே, உங்கள் ஊரில் இப்படி ஒரு வகுப்புத் தொடங்க நினைத்தால், எங்கள் அனுபவத்தில் கண்ட சில விடயங்கள்:

1. நேரில் கூட முடியுமானால் நேரில் கூடுங்கள். தொலைபேசியை இடைப்பட்ட நாட்களின் பயிற்சிக்கு வையுங்கள். வகுப்பில்லாத நாளில்தான் மறதி வருகிறது.

2. கூச்சப்படுகிறவர்களைக் கமராவைத் திறக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். எழுதும் கையைக் காட்டச் சொல்லுங்கள்.

3. ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் வேண்டாம். ஒவ்வொரு வகுப்பிலும் ஒவ்வொருவரின் குரலும் ஒருமுறையாவது கேட்க வேண்டும்.

4. குரல் செய்தியைத் தடுக்காதீர்கள். அதிலிருந்து ஐந்து சொல் எழுதச் சொல்லுங்கள். பேசினால் எழுத்து வரும் வசதியைப் பிழை பிடிக்கப் பாவியுங்கள்.

5. உங்கள் வாழ்க்கையில் வரும் தாள்களையே பாடமாக எடுங்கள்: கிளினிக் கொப்பி, மின்சாரச் சிட்டை, கடன் அட்டை, காணிப் பத்திரம்.

6. வாசிக்க முடியாத எந்தத் தாளிலும் உடனே கையெழுத்து வைக்காதீர்கள். "வாசிச்சுக் காட்டுங்கோ, பிறகு வைக்கிறன்" என்று சொல்லுங்கள். உங்களுக்கு விளங்கும் மொழியில் விளக்கும்படியும், ஒரு பிரதி தரும்படியும் கேளுங்கள். கேட்பதில் ஒரு வெட்கமும் இல்லை.

கல்வி அமைச்சின் முறைசாராக் கல்விப் பிரிவும் வளர்ந்தவர்களுக்கு எழுத்தறிவு வகுப்புகள் நடத்துகிறது. உங்கள் வலயக் கல்விப் பணிமனையில் அல்லது கிராம அலுவலரிடம் விசாரித்துப் பாருங்கள். வகுப்பு இல்லையென்றால், மாதர் சங்கத்தில் நாலு பேர் சேர்ந்து கேட்டுப் பாருங்கள். ஒருவராகக் கேட்பதை விட நாலு பேராகக் கேட்பது நல்லது.

வங்கிப் படிவம் பற்றிச் சொல்லி அனுப்பிய மூன்று சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சொல்லி அனுப்ப வேண்டாம். ஒரு சொல் போதும், பிழையாக இருந்தாலும் பரவாயில்லை, உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். நான் வாசிக்கக் காத்திருக்கிறேன்.

அடுத்த இதழில் சந்திப்போம்.